அசோபென்சீன் திரவப் படிகப் படலத்தில் ஒளியால் கீற்றணி எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக் கல்லூரிகளில் முதுகலை இயற்பியலோ வேதியியலோ படித்துக்கொண்டு, திட்டப்பணிக்காக இந்தப் பக்கம் வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். அசோபென்சீன் கலந்த பாலிமர் படலத்தில் இரண்டு லேசர் கற்றைகளைச் சேர்த்து அடித்தால் அங்கே ஒரு விளிம்பு விளைவுக் கீற்றணி உருவாகிறது. அது எப்படி உருவாகிறது, எப்படி அளப்பது, நம் ஊர் ஆய்வகத்தில் என்னென்ன தொல்லை வரும் என்பதுதான் விஷயம். பன்னிரண்டாம் வகுப்பு ஒளியியல் நினைவிருந்தால் போதும், மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சுருக்கமாக, அந்தப் படலத்தில் நடப்பது என்ன?

இரண்டு லேசர் கற்றைகள் ஒரு கோணத்தில் சந்திக்கும் இடத்தில் ஒளி சீராக இருக்காது. ஓர் இடத்தில் பிரகாசம், அடுத்த இடத்தில் இருட்டு என்று மாறி மாறி வரலாம், அல்லது பிரகாசம் எங்கும் ஒன்றாகவே இருந்து தளவிளைவுத் திசை (ஒளியின் மின்புலம் அதிரும் திசை) மட்டும் இடத்துக்கு இடம் மாறலாம். படலத்தில் உள்ள அசோபென்சீன் மூலக்கூறுகள் இந்த மாற்றத்தை அப்படியே வாங்கிக்கொண்டு, ஒவ்வோர் இடத்திலும் வேறு திசையில் அடுக்கிக்கொள்கின்றன. அடுக்கு மாறினால் ஒளிவிலகல் எண்ணும் மாறும். லேசரை அணைத்த பிறகும் அந்த மாற்றம் தங்கிவிடுகிறது. அப்புறம் ஒரு சிவப்புக் கதிரை அதன் வழியாக விட்டால் சுவரில் முதல் வரிசைப் புள்ளிகள் (நடுப்புள்ளிக்கு இருபுறமும் முதலில் விழுபவை) தெரியும். கீறல் இல்லை, அச்சு இல்லை, டெவலப்பர் இல்லை, எழுதும்போதே கீற்றணி தயாராகிவிடுகிறது.

அசோபென்சீன் மூலக்கூறு எப்படி இதைச் செய்கிறது?

இரண்டு பென்சீன் வளையங்கள், நடுவில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் இணைந்தவை. இதற்கு இரண்டு வடிவங்கள். டிரான்ஸ் வடிவம் நீளமாக, தட்டையாக, குச்சி போல இருக்கும், இரு முனைகளுக்கும் இடையே சுமார் 0.9 நானோமீட்டர். சிஸ் வடிவம் மடங்கிப்போய் முனைகளின் தூரம் சுமார் 0.55 நானோமீட்டராகக் குறைந்துவிடும். சிஸ் வடிவத்தை முதலில் காட்டியவர் ஹார்ட்லி, 1937-ல். டிரான்ஸ்தான் ஆற்றல் குறைந்தது, வித்தியாசம் மோலுக்குச் சுமார் 50 கிலோஜூல். ஆகவே சிஸ் எப்படியும் ஒரு நாள் திரும்பி வந்துதான் ஆக வேண்டும், வெப்பத்தால் மெதுவாகவோ ஒளியால் வேகமாகவோ.

வெறும் அசோபென்சீன் 320 நானோமீட்டர் அருகே வலுவாகவும் 440 அருகே மெலிதாகவும் ஒளியை உறிஞ்சும். மூலக்கூறின் ஒரு முனையில் அமினோ தொகுதியும் மறுமுனையில் நைட்ரோ தொகுதியும் வைத்தால் உறிஞ்சும் பட்டை நீலம், பச்சைக்கு நகர்ந்துவிடும், சிஸ் வடிவத்தின் ஆயுளும் மிகவும் குறையும். டிஸ்பர்ஸ் ரெட் 1 என்ற சாயம் அப்படிப்பட்டதுதான். இந்த வகைச் சாயத்தில் ஒரே நிற ஒளி போகவும் வரவும் இரண்டு திசையிலும் வேலை செய்வதால், மூலக்கூறு டிரான்ஸ், சிஸ், டிரான்ஸ் என்று ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சுற்றினால் சரி, ஆனால் ஏன் ஒரு குறிப்பிட்ட திசையில் போய் நிற்கிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

குச்சி வடிவ மூலக்கூறு எல்லாத் திசை ஒளியையும் ஒரே மாதிரி உறிஞ்சாது. ஒளியின் மின்புலம் மூலக்கூறின் நீளவாட்டில் இருந்தால் நிறைய உறிஞ்சும், குறுக்கே இருந்தால் ஏறத்தாழ ஒன்றுமே உறிஞ்சாது. இடையே உள்ள கோணங்களுக்குக் கோசைனின் வர்க்கம். ஒரு மூலக்கூறு உறிஞ்சி, மடங்கி, நிமிர்ந்து வரும்போது பழைய திசைக்கே வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை, சற்றுத் திரும்பி வரும். வந்த திசை மின்புலத்துக்கு இன்னும் ஓரளவு இணையாக இருந்தால் மறுபடி உறிஞ்சும், மறுபடி திரும்பும். தற்செயலாக மின்புலத்துக்குச் செங்குத்தான திசையில் வந்து நின்றுவிட்டால் அதற்கு மேல் உறிஞ்சாது, அங்கேயே நின்றுவிடும். நேரம் போகப் போக அந்தச் செங்குத்துத் திசையில் கூட்டம் சேர்ந்துகொண்டே போகும். யாரும் அதை அங்கே தள்ளவில்லை, வெளியேற வழியில்லாததால் சேர்கிறது.

சாயப் படலத்தில் தளவிளைவுற்ற ஒளி திசைச் சார்பை உண்டாக்கும் என்பதை வைகர்ட் 1919-லேயே கவனித்துவிட்டார். அதை வைத்துத் தளவிளைவு ஹோலோகிராபி செய்யலாம் என்று 1984-ல் பல்கேரியாவில் தொதோரோவும் அவருடைய சகாக்களும் மெத்தில் ஆரஞ்சு கலந்த பாலிவினைல் ஆல்கஹால் படலத்தில் காட்டினார்கள்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: இந்தப் படலம் எவ்வளவு ஒளி விழுந்தது என்பதை மட்டும் பதிவு செய்வதில்லை, ஒளியின் மின்புலம் எந்தத் திசையில் இருந்தது என்பதையும் பதிவு செய்கிறது. புகைப்படச் சுருளோடு பழகியவர்களுக்கு இது பிடிபடச் சற்று நேரமாகும். சோதனையில் குழப்பம் வந்தால் லேசர் திறனைக் கூட்டிப் பார்க்காதீர்கள், முதலில் தளவிளைவைப் பாருங்கள்.

சாயத்தை ஏதாவது ஒரு பாலிமரில் கரைத்தால் போதாதா? திரவப் படிகம் எதற்கு?

கரைத்தாலும் கீற்றணி வரும். ஆனால் சாயம் அதிகமானால் பிரிந்து படிகமாகிவிடும், குறைவாகப் போட்டால் மாற்றம் சிறியது, எழுதியதும் சீக்கிரம் அழிந்துவிடும். சாயத்தைப் பாலிமர் முதுகெலும்போடு வேதிப் பிணைப்பால் கட்டிவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும்.

திரவப் படிகம், அதாவது திரவம் போல இளகியிருந்தும் குச்சி மூலக்கூறுகள் ஒரே திசை பார்த்து அடுக்கி நிற்கும் நிலை, அதற்கும் ஒரு படி மேலே. 1978-ல் பிங்கெல்மனும் ரிங்ஸ்டார்பும் பாலிமர் முதுகெலும்புக்கும் குச்சி வடிவத் தொகுதிக்கும் நடுவே நெகிழ்வான கார்பன் சங்கிலி ஒன்றை வைத்தால் பக்கத் தொகுதிகள் சுதந்திரமாக அடுக்கிக்கொள்ளும் என்று காட்டினார்கள். அந்த மாதிரிப் பாலிமரில் குச்சிகள் ஏற்கெனவே பக்கத்தில் இருப்பவற்றோடு ஒத்துப்போகும் குணம் உடையவை. நெரிசலான மின்சார ரயிலில் முதுகுப்பை மாட்டிய ஒருவர் திரும்பினால் சுற்றி நிற்கும் நாலு பேரும் திரும்ப வேண்டியிருக்கிறதே, அதேபோல் ஓர் அசோபென்சீன் திரும்பினால் ஒளியை உறிஞ்சவே உறிஞ்சாத அக்கம்பக்கத்துக் குச்சிகளும் சேர்ந்து திரும்புகின்றன. இந்தக் கூட்டு அசைவுதான் திரவப் படிகத்தின் பெரிய லாபம். ஒளியால் உண்டாகும் இரட்டை ஒளிவிலகல் (தளவிளைவுத் திசையைப் பொறுத்து ஒளிவிலகல் எண் வேறுபடும் அளவு) சாதாரணப் பாலிமரில் 0.1 அளவில் நின்றுவிடும் என்றால், நல்ல திரவப் படிகப் பாலிமரில் 0.2, அதற்கு மேலும் போகும்.

இன்னொரு நடைமுறை லாபமும் உண்டு. தடிமனான படலம் முழுக்க அசோபென்சீனாக இருந்தால் மேல்பகுதியே ஒளியை விழுங்கிவிடும், அடிப்பகுதிக்கு எதுவும் போய்ச் சேராது. கூட்டு அசைவு இருப்பதால் அசோபென்சீனைக் குறைத்து, மீதியை நிறமற்ற குச்சிகளால் நிரப்பலாம். ஒளி அடிவரை போகும், திரும்பும் வேலையும் நடக்கும்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். புறஊதாவால் சிஸ் வடிவத்தை நிறைய உண்டாக்கினால் மடங்கிய மூலக்கூறுகள் அடுக்கையே குலைத்து நெமாட்டிக் என்னும் இந்தத் திரவப் படிக நிலையைச் சாதாரண திரவ ஒழுங்கின்மைக்குக் கொண்டுபோய்விடும். இதையும் கீற்றணியாக்கலாம்: பிரகாசப் பட்டையில் அடுக்கு குலையும், இருட்டுப் பட்டையில் நிலைக்கும். இகேதாவும் சுட்சுமியும் 1995-ல் அசோபென்சீன் திரவப் படிகப் படலத்தில் இப்படி ஒளியால் நிலைமாற்றிப் படம் பதித்துக் காட்டினார்கள். ஆனால் இது வேறு வழிமுறை, முந்தைய கேள்வியில் சொன்ன திசை திருப்புவதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

இரண்டு கற்றைகளின் தளவிளைவை எப்படி வைப்பது? எது நல்லது?

எதை எழுத வேண்டும் என்பதைப் பொறுத்தது. இரண்டு கற்றைகளும் படுகதிர்த் தளத்துக்குச் செங்குத்தாகத் தளவிளைவுற்றிருந்தால் நீங்கள் பள்ளியில் படித்த குறுக்கீட்டுப் பட்டைகளே வரும்: பிரகாசம், இருட்டு, பிரகாசம். தளவிளைவு எல்லா இடத்திலும் ஒன்றே. பிரகாசமான இடத்தில் மட்டும் மூலக்கூறு திரும்பும்.

ஒன்று செங்குத்தாகவும் மற்றது கிடையாகவும் இருந்தால் பட்டைகளே தெரியாது, பிரகாசம் எங்கும் சமம். ஆனால் தளவிளைவு நேர்க்கோடு, வட்டம் (மின்புலம் வட்டமாகச் சுழல்வது), செங்குத்தான இன்னொரு நேர்க்கோடு, எதிர்ச்சுற்று வட்டம் என்று வரிசையாக மாறும்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது அமைப்பு. ஒரு கற்றை வலச்சுற்று வட்டத் தளவிளைவு, மற்றது இடச்சுற்று. கோணம் சிறியதாக இருக்கும்வரை எங்கு பார்த்தாலும் பிரகாசம் ஒன்றுதான், எங்கு பார்த்தாலும் தளவிளைவு நேர்க்கோடுதான், அந்தக் கோட்டின் திசை மட்டும் ஒரு கீற்று இடைவெளிக்குள் 180 டிகிரி சீராகச் சுழன்று வருகிறது. மூலக்கூறுகளும் அதே மாதிரி சுழன்ற வரிசையில் நின்றுவிடுகின்றன. மைக்ராஸ்கோப்பில் குறுக்கிட்ட போலராய்டுகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தால் மட்டும் கோடுகள் தெரியும், போலராய்டை எடுத்துவிட்டால் வெறும் மஞ்சள் கண்ணாடி.

இந்தக் கீற்றணிக்குள் வட்டத் தளவிளைவுற்ற கதிரை விட்டால், தடிமன் சரியாக அமைந்தால், கதிர் முழுவதும் ஒரே ஒரு முதல் வரிசைக்குப் போய்விடும், சுற்றுத் திசையும் மாறிவிடும். எதிர்ச்சுற்றுக் கதிரை விட்டால் மறுபக்க முதல் வரிசைக்குப் போகும். இங்கே கட்டம் மாறுவது பாதை நீளத்தால் அல்ல, தளவிளைவு நிலை ஒரு சுற்று சுற்றி வருவதால். அந்தக் கணக்கை 1956-ல் பெங்களூரில் இருந்தபடி எழுதியவர் பஞ்சரத்தினம், சி. வி. ராமனின் சகோதரி மகன். அன்றைக்கு லேசரே கிடையாது. இன்று இந்தத் துறையில் எந்தக் கட்டுரையைப் புரட்டினாலும் அவர் பெயர் வருகிறது, நம் மாணவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கீற்று இடைவெளியை எப்படிக் கணக்கிடுவது?

இரண்டு கற்றைகளுக்கு இடையே உள்ள கோணத்தில் பாதியை எடுங்கள். எழுதும் அலைநீளத்தை அந்தப் பாதிக் கோணத்தின் சைனின் இரு மடங்கால் வகுங்கள். 532 நானோமீட்டர் பச்சை, பாதிக் கோணம் 5 டிகிரி என்றால் இடைவெளி சுமார் 3 மைக்ரோமீட்டர். பாதிக் கோணம் 15.4 டிகிரி என்றால் 1 மைக்ரோமீட்டர்.

சரிபார்க்க ஹீலியம்-நியான் சிவப்பை, அதாவது 633 நானோமீட்டரை, நேராக விடுங்கள். 3 மைக்ரோமீட்டர் கீற்றணியில் முதல் வரிசை சுமார் 12 டிகிரியில் விழும், ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் நடுப்புள்ளியிலிருந்து சுமார் 21 சென்டிமீட்டர். ஸ்கேலால் அளந்தாலே போதும். சிவப்பு ஏன் என்றால், பெரும்பாலான அசோபென்சீன் படலங்கள் அந்த நிறத்தை உறிஞ்சுவதில்லை, எழுதியதைக் கெடுக்காமல் படிக்கலாம்.

எவ்வளவு விளிம்பு விளைவுத் திறன் (உள்ளே விட்ட ஒளியில் முதல் வரிசைக்குப் போகும் பங்கு) எதிர்பார்க்கலாம்?

படலம் ஒரு மைக்ரோமீட்டர் தடிமன், கீற்று இடைவெளி 3 மைக்ரோமீட்டர் என்றால் அது மெல்லிய கீற்றணி வகை. இதற்கான கோட்பாட்டை ராமனும் நாகேந்திர நாத்தும் 1935, 36 ஆண்டுகளில் எழுதினார்கள், அவர்கள் கணக்குப் போட்டது திரவத்தில் மீயொலி அலைகள் உண்டாக்கும் கீற்றணிக்கு. அதே சூத்திரம் இங்கும் பொருந்தும். ராமனின் முதல் கட்டுரையே விளிம்பு விளைவைப் பற்றியதுதான், மெட்ராஸ் பிரசிடென்சி கல்லூரி மாணவராக இருந்தபோது 1906-ல் வெளிவந்தது. கடற்கரைச் சாலையில் அந்தச் சிவப்புக் கட்டடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும்.

ஒளிவிலகல் எண்ணின் ஏற்ற இறக்க வீச்சு 0.05, தடிமன் 1 மைக்ரோமீட்டர், படிக்கும் ஒளி 633 என்று போட்டால் முதல் வரிசைக்கு ஏறத்தாழ 6 சதவீதம் வரும். வீச்சு 0.1 ஆனால் 19 சதவீதம். சைன் வடிவ மெல்லிய கீற்றணியில் எவ்வளவு முயன்றாலும் ஒரு பக்க முதல் வரிசைக்கு 33.9 சதவீதத்தைத் தாண்ட முடியாது. வட்டத் தளவிளைவு முறையில் எழுதிய கீற்றணிக்கு இந்த வரம்பு இல்லை, அதற்குத் தேவை படலம் அரை அலைத் தகடாக, அதாவது இரண்டு தளவிளைவுகளுக்கு இடையே அரை அலைநீள வேறுபாடு உண்டாக்கும் தடிமனில், இருப்பது. இரட்டை ஒளிவிலகல் 0.2 என்றால் 633-க்குச் சுமார் 1.6 மைக்ரோமீட்டர் தடிமன் போதும்.

உங்கள் மதிப்பு இதைவிட மிகக் குறைவாக வந்தால் பயப்பட வேண்டாம். காரணம் பெரும்பாலும் அதிர்வுதான், கீழே பாருங்கள்.

படலத்தின் மேற்பரப்பே மேடும் பள்ளமுமாக ஆகிறது என்கிறார்களே, அது உண்மையா?

உண்மை. 1995-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதை வெளியிட்டன: கனடாவின் கிங்ஸ்டனில் ரோஷான், பட்டாலா, நாட்டன்சோன், அமெரிக்காவின் லோவெல்லில் கிம், திரிபாதி, லீ, குமார். அறை வெப்பநிலையில், பாலிமர் உருகாமல், கண்ணாடி நிலையிலேயே இருக்கும்போது, பொருள் மைக்ரோமீட்டர் கணக்கில் பக்கவாட்டில் நகர்ந்து நூற்றுக்கணக்கான நானோமீட்டர் ஆழத்துக்கு அலை அலையாக நின்றுவிடுகிறது. வெப்பத்தால் இளகியது என்று சொல்லித் தப்பிக்க முடியாது, ஏனென்றால் லேசர் திறன் சதுர சென்டிமீட்டருக்குப் பத்துக் கணக்கான மில்லிவாட்தான், அதோடு அதே திறனில் தளவிளைவை மாற்றினால் ஆழம் அடியோடு மாறிவிடுகிறது. இரண்டு கற்றைகளும் படுகதிர்த் தளத்துக்குச் செங்குத்தாகத் தளவிளைவுற்றிருந்தால், பிரகாச வேறுபாடு முழுமையாக இருந்தும், மேடு பள்ளம் மிகச் சிறிது. எதிரெதிர் வட்டத் தளவிளைவில் பிரகாச வேறுபாடே இல்லை, ஆனால் ஆழம் அதிகம். மின்புலத்துக்கு கீற்றணியின் குறுக்குத் திசையில் ஒரு கூறு இருந்து, அது இடத்துக்கு இடம் மாற வேண்டும், அதுதான் நிபந்தனை.

ஏன் நகர்கிறது என்பதற்கு அழுத்த வேறுபாடு, மின்புலச் சரிவு விசை, மூலக்கூறுகள் புழு மாதிரி ஊர்வது, திரும்பும் மூலக்கூறுகள் பாலிமர் சங்கிலியை இழுத்து உண்டாக்கும் தகைவு என்று பல விளக்கங்கள் உள்ளன. என் சாய்வு கடைசியாகச் சொன்ன தகைவு விளக்கத்தின் பக்கம்தான், தளவிளைவைச் சார்ந்த நடத்தையை அது இயல்பாகச் சொல்லிவிடுகிறது. திரவப் படிகப் பாலிமரில் இன்னொரு வேடிக்கை: ஒழுங்கற்ற பாலிமரில் பொருள் பெரும்பாலும் பிரகாசமான இடத்தை விட்டு ஓடுகிறது, சில திரவப் படிகப் பாலியெஸ்டர்களில் பிரகாசமான இடத்தில் போய்க் குவிகிறது. டென்மார்க்கின் ரிசோ ஆய்வகத்தில் ராமானுஜம், வில்ஸ்டெட் முதலியோர் செய்த பாலியெஸ்டர் வேலைகளிலிருந்து தெரிய வந்த விஷயம் இது.

சென்னையில் படலம் பூசினால் பால் மாதிரி வெளுத்துப்போகிறது. என்ன செய்வது?

ஈரப்பதம். டெட்ராஹைட்ரோபியூரான், குளோரோஃபார்ம் மாதிரி சட்டென்று ஆவியாகும் கரைப்பானில் பாலிமரைக் கரைத்துச் சுழற்பூச்சு செய்யும்போது, ஆவியாகும் வேகத்தில் மேற்பரப்பு குளிர்ந்துவிடுகிறது. நம் ஊர்க் காற்றில் எப்போதும் இருக்கும் நீராவி அந்தக் குளிர்ந்த பரப்பில் நுண்துளிகளாகப் படிந்து, பாலிமரில் குழி குழியாகத் தடம் விட்டுப் போகிறது. அந்தக் குழிகள் ஒளியைச் சிதறடிப்பதுதான் வெள்ளை. 

சைக்ளோஹெக்சனோன் போன்ற மெதுவாக ஆவியாகும் கரைப்பானுக்கு மாறினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஏசியை முன்கூட்டியே போட்டு அறைக் காற்றை உலர விடுங்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் பூச்சு வேலையைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். கரைசலை 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்துவிட்டு ஊற்றுங்கள், ஒரு தூசி இருந்தாலும் அதைச் சுற்றி வால் நட்சத்திரம் மாதிரி கோடு விழும்.

வெளுப்புக்கு வேறொரு காரணமும் உண்டு, அதை ஈரப்பதம் என்று நினைத்துவிடக் கூடாது. திரவப் படிகப் பாலிமரைச் சூடாக்கி மெதுவாக ஆறவிட்டால் ஒவ்வொரு மூலையும் ஒவ்வொரு திசையில் அடுக்கிக்கொண்டு சிறு சிறு பகுதிகளாகப் பிரிந்துவிடும், அதுவும் ஒளியைச் சிதறடிக்கும். தெளிநிலை வெப்பநிலைக்கு (அடுக்கு கலைந்து சாதாரண திரவமாகும் வெப்பநிலை) மேலே சூடாக்கி, சட்டென்று குளிர்ந்த உலோகத் தட்டில் வைத்தால் படலம் தெளிவாக நிற்கும். சூடாக்கினால் மறையும் வெளுப்பு அடுக்கினால் வந்தது, குழியினால் வந்தது அந்தச் சூட்டில் அவ்வளவு எளிதில் போகாது.

புள்ளி தெரிகிறது, ஆனால் மங்கல். ஒவ்வொரு முறையும் வேறு வேறு மதிப்பு.

அதிர்வு. 45 டிகிரியில் நிற்கும் ஒரு கண்ணாடி எழுதும் நேரத்தில் 0.2 மைக்ரோமீட்டர் நகர்ந்தாலே பட்டைகள் அரை இடைவெளி நகர்ந்துவிடும், பிரகாசமாக இருந்த இடம் இருட்டாகிவிடும், எழுதியது தானே அழிந்துவிடும். தெருவில் தண்ணி லாரி போனால் போதும். மின்விசிறியை அணையுங்கள், ஏசிக் காற்று மேசைமேல் நேராக வீசாமல் அட்டையால் மறையுங்கள், தரைத்தளத்தில் இடம் கிடைத்தால் மாடியை விடுங்கள். ராத்திரியில் எழுதுவது வீண் சிரமம் இல்லை, நிஜமாகவே பலன் தரும்.

அதைவிட நல்ல வழி லாய்டு கண்ணாடி அமைப்பு. விரிந்த ஒரே கற்றையில் பாதி நேராகப் படலத்தில் விழும், மீதிப் பாதி படலத்துக்குச் செங்குத்தாக ஒட்டி நிறுத்திய ஒரு கண்ணாடியில் பட்டு அதே இடத்தில் வந்து சேரும். கண்ணாடியும் படலமும் ஒரே பிடிப்பில் இருப்பதால் இரண்டும் சேர்ந்தே ஆடும், பட்டைகள் அசையாது. பெரிய ஒளியியல் மேசை இல்லாத கல்லூரிக்கு இதுதான் சரி. குறை என்னவென்றால் இரண்டு பாதிகளுக்கும் தனித்தனியாகத் தளவிளைவு வைப்பது கடினம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய பச்சை லேசர் பாயிண்டர் போதுமா?

விளிம்பு விளைவைப் பார்க்கப் போதும், எழுத வேண்டாம் என்பேன். திறன் நிமிடத்துக்கு நிமிடம் மாறும், தளவிளைவு நிலையாக இருக்காது, ஓரியல்பு நீளம் (அலை ஒழுங்கு கெடாமல் குறுக்கிடக்கூடிய பாதை வேறுபாடு) குறைவு. மேலே ஒட்டியிருக்கும் மில்லிவாட் கணக்கையும் நம்ப முடியாது. மலிவான பச்சைப் பாயிண்டர்களில் அகச்சிவப்பு வடிகட்டி இல்லாமல் இருந்தால் 808, 1064 நானோமீட்டர் ஒளியும் சேர்ந்து வெளியே வரும், அது கண்ணுக்குத் தெரியாது என்பதால் இமை மூடிக் காப்பாற்றாது. அங்கே வாங்க வேண்டியது போட்டோடையோடு, ஆம்ப்ளிஃபையர் ஐசி, பழைய திரைகளிலிருந்து கழற்றிய போலராய்டு தாள். அதெல்லாம் நிஜமாகவே மலிவாகக் கிடைக்கும், நன்றாகவும் வேலை செய்யும்.

எனக்குக் கிடைத்தது திசை மாற்றக் கீற்றணியா, மேற்பரப்புக் கீற்றணியா?

அநேகமாக இரண்டும் கலந்தே இருக்கும். விளிம்பு விளைவுத் திறனை நேரத்தோடு வரைந்தால் முதல் சில வினாடிகளில் சடாரென்று ஓர் ஏற்றம், பிறகு நிமிடக் கணக்கில் ஒரு மெதுவான ஏற்றம் வரும். முதலாவது மூலக்கூறு திரும்புவது, இரண்டாவது பொருள் நகர்வது. எழுதி முடித்ததும் ஒற்றை வட்டத் தளவிளைவுக் கற்றையை அதன்மேல் சீராக அடியுங்கள்: திசை மாற்றம் பெருமளவு அழியும், மிஞ்சி நிற்பது பெரும்பாலும் மேற்பரப்பு. முதல் வரிசைப் புள்ளியின் தளவிளைவையும் பாருங்கள். படிக்கும் கதிரின் தளவிளைவு அப்படியே இருந்தால் மேற்பரப்பு, மாறி வந்தால் திசை மாற்றம். மேடு பள்ளத்தை நேரடியாக அளக்கும் அணுவிசை நுண்ணோக்கியில் நேரம் கிடைத்தால் சந்தேகமே இல்லை, ஆனால் அதற்குக் காத்திருக்காமல் ஒரு போலராய்டு தாளை வைத்தே பாதிக்கு மேல் சொல்லிவிடலாம்.

எழுதியது எவ்வளவு நாள் நிற்கும்?

பாலிமரின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை (இறுகிய படலம் இளகத் தொடங்கும் வெப்பநிலை) அறை வெப்பநிலையைவிட நன்றாக மேலே இருந்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். நீண்ட நெகிழ்வான சங்கிலி கொண்ட சில பக்கச் சங்கிலிப் பாலிமர்களில் அந்த வெப்பநிலை அறைச் சூட்டுக்குச் சற்றே மேலே இருக்கும், அதுதான் பிரச்சினை: மே மாதம் ஏசி அணைந்த ஆய்வகத்தில் படலம் இளக ஆரம்பித்துவிடும், நுண்ணிய கீற்றுகள் முதலில் மங்கும். வேண்டுமென்றே அழிக்க வேண்டுமானால் தெளிநிலைக்கு மேலே சூடாக்கிக் குளிரவிடுங்கள், புதுப் படலம் கிடைத்துவிடும்.

எங்கள் கல்லூரியில் இந்தப் பாலிமர் எதுவும் இல்லை. எதையாவது செய்ய முடியுமா?

முடியும், நன்றாகவே முடியும். வேதியியல் ஆய்வகத்தில் தரம்பார்த்தலுக்கு வைத்திருக்கும் மெத்தில் ஆரஞ்சு ஓர் அசோபென்சீன் சாயம்தான். பாலிவினைல் ஆல்கஹாலை வெந்நீரில் கிளறிக் கரைத்து, ஆறியதும் கொஞ்சம் மெத்தில் ஆரஞ்சு சேர்த்து, சமமட்டமான கண்ணாடித் தட்டில் ஊற்றித் தூசி படாமல் காயவிடுங்கள். மழை நாளில் காய நேரமாகும்.

கீற்றணிக்கு உடனே போகாதீர்கள். குறுக்கிட்ட இரண்டு போலராய்டுகளுக்கு நடுவே படலத்தை வைத்து, சிவப்பு லேசரை விட்டு, மறுபக்கம் போட்டோடையோடு வையுங்கள். முதலில் இருட்டு. பக்கவாட்டிலிருந்து நீல லேசரைப் போலராய்டுகளுக்கு 45 டிகிரியில் தளவிளைவு வைத்து அடியுங்கள். மின்னழுத்தம் மெல்ல ஏறும், நீலத்தை மறைத்தால் இறங்கும், முழுவதுமாக இறங்காமல் ஒரு மட்டத்தில் நிற்கும். 30 மைக்ரோமீட்டர் படலத்தில் இரட்டை ஒளிவிலகல் 0.001 என்று வைத்தாலும் சுமார் 2 சதவீத ஒளி தாண்டி வரும், தாராளமாக அளக்கலாம். நீல லேசரின் தளவிளைவைப் போலராய்டுக்கு இணையாகத் திருப்பினால் சமிக்ஞை போய்விடும். அதே லேசர், அதே திறன், திசை மட்டும்தான் வேறு. இதற்கு அதிர்வில்லாத மேசை தேவையில்லை, ஒரு பருவத் திட்டப்பணிக்கு இதுவே போதுமான அளவு இயற்பியல்.

இதனால் பயன் என்ன?

1987-ல் ஐக், வெண்டார்ஃப், ரெக், ரிங்ஸ்டார்ப் ஆகியோர் திரவப் படிகப் பாலிமரில் ஹோலோகிராம் எழுதி அழித்துக் காட்டியதிலிருந்து, ஹோலோகிராம் நினைவகம் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அது சந்தைக்குப் பெரிதாக வரவில்லை. எழுதத் தேவைப்படும் ஒளி அதிகம், படிக்கும்போதே அழியாமல் பார்த்துக்கொள்வது சிரமம். பலன் வேறு பக்கம் கிடைத்தது. அசோ சாயத்தின் மெல்லிய அடுக்கில் தளவிளைவு வடிவத்தை எழுதி, அதன்மேல் நிறமற்ற திரவப் படிகத்தைப் பூசி உறையவைத்தால், தட்டையான லென்சும் கதிர் திருப்பியும் கிடைக்கும். மேடு பள்ளக் கீற்றணியைச் சிலிக்கோன் ரப்பரில் வார்ப்பெடுத்து வேறு பொருளுக்கு மாற்றலாம், சிறு லேசர்களுக்குப் பின்னூட்டக் கீற்றணியாகவும் வைக்கலாம்.

பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும்?

அலைநீளத்துக்கு ஏற்ற லேசர் கண்ணாடி கட்டாயம். கற்றையைக் கண் உயரத்தில் ஓடவிடாதீர்கள், உட்கார்ந்தால் கண் எந்த உயரத்தில் வரும் என்பதையும் பாருங்கள். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவிடுங்கள். கரைப்பான் வேலை புகைக்கூண்டுக்குள் மட்டும். சில டிஸ்பர்ஸ் சாயங்கள் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும், கையுறை போடுங்கள், மீந்த கரைசலைத் தொட்டியில் கொட்டாமல் கழிவுப் புட்டியில் சேருங்கள்.

எழுதி முடித்த படலங்களை எப்படி எடுத்து வைப்பது?

ஒளி புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, ஜன்னலிலிருந்து தள்ளி. டியூப்லைட் வெளிச்சமும் நாளடைவில் எழுதியதை மங்கச் செய்யும். கண்ணாடியின் பின்புற மூலையில் வைர முனையால் ஓர் எண்ணும் ஓர் அம்புக்குறியும் கீறிவிடுங்கள், அம்பு கீற்றுகளின் திசையைக் காட்டட்டும். நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே அலைநீளம், பாதிக் கோணம், நேரம், திறன் இவற்றோடு இரண்டு கற்றைகளின் தளவிளைவையும், வட்டத் தளவிளைவை உண்டாக்கும் கால் அலைத் தகடு எந்த டிகிரியில் இருந்தது என்பதையும் எழுதுங்கள். பெரும்பாலான நோட்டுகளில் விட்டுப்போவது அந்தக் கடைசி எண்தான், அது இல்லாமல் அடுத்த வருடம் வரும் மாணவரால் அந்தப் படலத்தைத் திரும்பச் செய்ய முடியாது.